பள்ளம் வட்டமாக விழுந்த குற்றம்

உலகத்தில் வீடு பார்க்கிறவர்கள் உண்டு, வேலை பார்க்கிறவர்கள் உண்டு, வேலை பார்க்கிற இடத்திலேயே வேடிக்கை பார்க்கிறவர்கள் ஏராளம். நான் இப்போது உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறவர் பள்ளம் பார்ப்பவர். ரோட்டுப் பள்ளம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் அவர் தினமும் வண்டியோடு இறங்கி ஏறிப் போகிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பார்ப்பது கம்ப்யூட்டரில், விண்வெளி விளையாட்டுகளில், ஒரு கிரகத்தின் மேல் பாறை வந்து மோதினால் விழுகிற பள்ளத்தை.

யாரோ சிலர் முதுகு வளைந்து, கண் சிவந்து, ஒரு சூரியனையும் அதைச் சுற்றிப் பல கிரகங்களையும் உண்டாக்கி, கடலுக்கு நீலம் பூசி, மேகத்துக்கு நிழல் போட்டு, ஒரு கப்பலையும் கொடுத்து, "ஏறுங்கள், எங்கே வேண்டுமானாலும் பறந்து போய்ப் பாருங்கள்" என்று நம் கையில் தருகிறார்கள். நீங்களும் நானும் என்றால் ஏறிப் பறப்போம். இவர் ஏறமாட்டார். இவர் முதலில் தேடுவது, இருப்பதிலேயே பெரிய பாறை எது என்று. அதைப் பிடித்து, இருப்பதிலேயே அழகான கிரகம் எதுவோ அதன் மேல் எறிவார். எதற்கு? பள்ளம் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கு.

விழுந்ததும் விளையாட்டை அப்படியே நிறுத்தி வைப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். மூக்கு ஸ்கிரீனில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போவார், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு தூரத்திலிருந்து பார்ப்பார், தலையை இடதுபக்கம் சாய்ப்பார், வலதுபக்கம் சாய்ப்பார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பள்ளத்தின் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், கடைசியில் "உச்" என்று ஒரு சத்தம் கொடுத்து, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்.

"நிஜத்துல இப்படி நடக்காது."

நிஜத்தில் எப்படி நடக்கும் ஐயா? நீங்கள் எத்தனை கிரகம் உடைந்ததை நேரில் பார்த்தீர்கள்? எந்தக் கிரகத்தின் மேல் எந்த நிலா விழுந்தபோது குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள்? கேட்டுப் பாருங்கள். பதில் வராது. ஒரு புன்னகை வரும். விஷயம் தெரியாதவனிடம் என்னத்தைப் பேசுவது என்கிற புன்னகை.

என் சகலை இந்த ரகத்தில் முதல் தரம். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அவருக்குத் தொழில் என்ன தெரியுமா? மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, சேதம் எவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது. நான் கதை கட்டவில்லை, சத்தியமாக அதுதான் வேலை. முன்பக்கம் முழுக்க உள்ளே போய், இன்ஜின் ஓட்டுகிறவர் மடியில் வந்து உட்கார்ந்திருக்கும் காரை, தன் வண்டியிலிருந்து இறங்காமலே எட்டிப் பார்த்து, "சின்ன அடிதான், தட்டி எடுத்துடலாம்" என்பார். லாரி இடித்துச் சுவரோடு சுவராக ஒட்டிப்போன ஸ்கூட்டரைக் காட்டி அதன் சொந்தக்காரர் கண்கலங்கினால், "இது பழைய பள்ளமாச்சே" என்பார். ஆபீசில் ஒரு பள்ளத்துக்கு அவர் ஒதுக்கும் நேரம் ஒரு கொட்டாவி. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவி, கதவைச் சாத்திக்கொண்டு, இல்லாத ஒரு கிரகத்தில் விழாத ஒரு பாறை உண்டாக்காத ஒரு பள்ளத்துக்கு ஒரு முழு மாலையைத் தருவார்.

இவரைப் போன்றவர்கள் சேர்ந்து இன்டர்நெட்டில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அங்கே என் சகலைக்குப் பெயர் 'மோதலார்'. தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். மரியாதையையும் தானே சேர்த்துக்கொண்டார், மற்றவர்களுக்கு எதற்குச் சிரமம் என்று. புதிதாக ஒரு விண்வெளி விளையாட்டு வந்தால், மோதலார் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் குழுவில் மற்றவர்கள் வாயைத் திறப்பார்கள். பள்ளத்தைப் படம் பிடித்து, தப்பான இடங்களில் சிவப்பு வட்டம் போட்டு, கீழே கட்டுரை எழுதுவார். புகை இப்படிப் போகாது, தூள் இவ்வளவு உயரம் எழும்பாது, அந்தத் தீப்பிழம்புக்கு இந்தச் சிவப்பு ஆகாது. கட்டுரையின் முதல் வரி மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "எல்லாம் சரி, ஆனால்..."

இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பைத்தியம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததற்குக் காரணம், பள்ளம் செய்கிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

பிறகு தெரிய வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் மனைவி வழியில் ஒரு கொழுந்தியாள், வீட்டுக்குக் கடைசிப் பெண், எல்லோருக்கும் 'சின்னவள்'. அவளும் அவள் கல்லூரிச் சிநேகிதியும் ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை பிடித்து விண்வெளி விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். கீழே துணி துவைக்கும் மெஷின் சுற்ற ஆரம்பித்தால் மேலே மேஜை நடுங்கும், காபி டம்ளர் தானாக நகரும். சின்னவள் கம்ப்யூட்டருக்குக் கணக்கும் கட்டளையும் எழுதுவாள், சிநேகிதி வரைந்து வண்ணம் போடுவாள். விளையாட்டு இதுதான்: ஒரு கப்பலில் விதை ஏற்றிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போய் விதைக்க வேண்டும். நடுநடுவே பாறைகள் வந்து விழுந்து எல்லாம் நாசமாகும். ஆனால் பொறுமையாகக் காத்திருந்தால் தூசி அடங்கும், மேகம் திரளும், மழை பெய்யும், அந்தப் பள்ளம் நிறைந்து ஏரியாகும், ஏரியைச் சுற்றிப் பச்சை பிடிக்கும். ஏரிகள் அத்தனையும் சிநேகிதி வரைந்தவை. ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் உட்கார்ந்து ஒரு பள்ளம் நிறைவதை முழுக்கப் பார்த்தேன். எனக்கு விண்வெளியும் தெரியாது, விளையாட்டும் தெரியாது. மனசு குளிர்ந்துபோனது என்று மட்டும் சொல்வேன்.

சிநேகிதிக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை காத்திருந்தது, வீட்டில் அதற்காக நெருக்கிக்கொண்டிருந்தார்கள். "இது வெளிய வரட்டும், நாலு பேர் விளையாடட்டும், அப்புறமும் வேலைக்குத்தான் போகணும்னா போறேன்" என்று அவள் தவணை சொல்லிச் சமாளித்து வந்தாள். வெளியீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இரண்டு பேரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பெரியக்கா வீட்டுக்கு, அதாவது என் சகலை வீட்டுக்கு, வந்தார்கள். மோதலார் ஒரு நல்ல வார்த்தை எழுதினால் போதும், அந்தக் குழு முழுக்க வாங்கி ஆடும் என்பது சின்னவளின் கணக்கு. அவள் போட்ட கணக்குகளில் தப்பாகிப்போனது அது ஒன்றுதான்.

"அத்தான், நீங்க ஒரு தடவ ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"விதை, செடியெல்லாம் இருக்கட்டும்மா. பாறை எங்க இருக்கு?"

எடுத்தார். எறிந்தார். நேராகக்கூட இல்லை, நன்றாகச் சாய்த்து, தட்டை விசிறுகிற மாதிரி. பாறை போய் விழுந்தது, வெளிச்சம் வந்தது, தூசி எழும்பியது. நிறுத்தினார். கண்ணாடி நெற்றிக்குப் போனது.

"உச்."

"என்ன அத்தான்?"

"எல்லாம் சரி, ஆனா பள்ளம் வட்டமா விழுந்திருக்கே. நான் சாய்ச்சில்ல அடிச்சேன்? நீளமா விழ வேண்டாமா?"

"இல்ல அத்தான். அந்த வேகத்துல வர்ற பாறை மண்ணுக்குள்ள போனதும் வெடிகுண்டு மாதிரி வெடிச்சுடும். அதனால எந்தப் பக்கமா வந்து அடிச்சாலும் பள்ளம் கிட்டத்தட்ட வட்டமாத்தான் இருக்கும். ரொம்ப ரொம்பப் படுக்கையா வந்தாத்தான் நீளும். நிலாவப் பாருங்களேன், எல்லாம் வட்டம்தான்."

"நிலா வேற, நிஜம் வேற" என்றார் என் சகலை.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். ஒரு பெரிய தட்டை எடுத்தார். டப்பாவிலிருந்த மாவு முழுவதையும் அதில் கொட்டிப் பரப்பினார். என்னோடு அங்கே வந்திருந்த என் பையனுடைய கோலிக்குண்டு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, சாய்வாக எறிந்தார். குண்டு மாவில் கோடு கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்து அடுப்புக்குக் கீழே ஓடியது.

"பாத்தியா? நீளம்!"

"நீங்க எறிஞ்ச குண்டு வெடிக்கலையே அத்தான்" என்றாள் சிநேகிதி, மெதுவாக.

பெரியக்கா உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வெள்ளையாகிப்போன கணவரின் மூக்கைப் பார்த்தார். "நிலாவுல என்ன விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இங்க விழுந்தத யார் கூட்டறது?" என்று கேட்டார். மோதலார் அதற்குள் முன்னறைக்கு வந்து, வேறு ஒரு பாறையைத் தேட ஆரம்பித்திருந்தார். முதல் பாறை விழுந்த இடத்தில் தூசி அடங்கி மேகம் திரண்டுகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. மழை வரும்வரை அவர் உட்காரவே இல்லை.

இரண்டு நாளில் குழுவில் கட்டுரை வந்தது. ஏழெட்டுப் படம், ஊர்ப்பட்ட சிவப்பு வட்டம். 'கிரகம் தெரியாதவர்கள் கிரகம் செய்தால்' என்று தலைப்பு. வட்டப் பள்ளம் என்பது அடிப்படையே தெரியாதவர்களின் கற்பனை என்றும், இதை விண்வெளி விளையாட்டு என்பதைவிடத் தோட்ட விளையாட்டு என்பது பொருத்தம் என்றும் எழுதியிருந்தார். விளையாட்டைக் கண்ணாலும் பார்க்காதவர்கள் வரிசையாக வந்து "உண்மை, உண்மை" என்று கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ஏன் சகலை, நம்ம சின்னவளாச்சே, கொஞ்சம் பாத்து எழுதியிருக்கக் கூடாதா?" என்று நான் போன் செய்தேன்.

"உறவு வேற, உண்மை வேற சகலை" என்றார். குரலில் அப்படி ஒரு கம்பீரம். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. வேலையில் எந்தக் கம்பெனிக்காரனிடமும் நிமிர்ந்து ஒரு உண்மை பேசாத மனிதர், கடைசியில் தைரியம் காட்ட ஓர் இடம் கண்டுபிடித்தது, இருபத்தைந்து வயதுப் பெண்கள் இரண்டு பேரிடம்.

சின்னவள் வீம்புக்காரி. வெளியீட்டைத் தள்ளிப்போட்டாள். உண்மைதானே வேண்டும், உண்மையையே தருகிறேன் என்று உட்கார்ந்தாள். புத்தகம் புத்தகமாகப் படித்தாள், கணக்கு கணக்காகப் போட்டாள். போடப் போட விளையாட்டில் ஒவ்வொன்றாகக் கழன்றது. விண்வெளியில் காற்று இல்லை, ஆகவே சத்தம் போயிற்று. கிரகம் பெரியது, அதோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேகமாக வருகிற நிலாவும் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும், ஆகவே வேகம் போயிற்று. பெரிய மோதல் என்றால் பாறை உருகிக் காலகாலத்துக்கும் கொதித்துக்கொண்டிருக்கும், ஆகவே மழை போயிற்று. ஒருநாள் சிநேகிதி கேட்டாள், "அப்ப என் ஏரி?"

சின்னவள் அடுத்த கணக்கைப் போட்டாள். மாதங்கள் ஓடின. சிநேகிதி தினமும் வந்து, வரைவதற்கு ஒன்றுமில்லாமல், கொதிக்கிற பாறைக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் தவணை முடிந்தது. ஒருநாள் தன் பேனாக்களையும் டம்ளரையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சின்னவளைக் கட்டிப் பிடித்துவிட்டு, மாடிப்படி இறங்கிப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் திரும்பி வந்திருப்பாள் என்று சின்னவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

உண்மை தயாரானது. மோதலார் வீட்டில் மறுபடியும் கம்ப்யூட்டர் வைக்கப்பட்டது. இந்த முறை நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சகலை ஒரு முழு நிலாவையே எடுத்துக் கிரகத்தின் மேல் தள்ளிவிட்டார், கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

நிலா இருந்த இடத்திலேயே இருந்தது.

"நின்னுடுச்சா?"

"இல்ல அத்தான், வந்துக்கிட்டிருக்கு."

பெரியக்கா காபி கொண்டுவந்தார். குடித்தோம். டம்ளரைக் கழுவி வைத்தார். நிலா வந்துகொண்டிருந்தது. என் சகலை மவுஸைத் தட்டிப் பார்த்தார், ஒயரை அசைத்துப் பார்த்தார். ஒருவழியாக நிலாவின் ஓரம் கிரகத்தின் ஓரத்தைத் தொட்டது. தொட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் இல்லை. கரண்டியில் அள்ளிய தயிர் மறுபடி சட்டியில் இறங்குகிற மாதிரி, அத்தனை சாவகாசமாக, ஒன்றுக்குள் ஒன்று அமிழ ஆரம்பித்தது.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"இப்படியே சில மணி நேரம் போகும் அத்தான். கொஞ்சம் தெறிச்சு வெளிய போய், திரும்ப விழும். அதுக்கு ஒரு நாள் ஆகலாம். எல்லாம் நிஜக் கணக்கு."

என் சகலையின் முகத்தைப் பார்த்தேன். ஈயாடவில்லை. பசித்தவன் முன்னால் இலை போட்டுச் சமையல் புத்தகத்தை வாசித்துக் காட்டினால் எப்படி விழிப்பானோ அப்படி விழித்தார்.

"எல்லாம் சரி" என்றார். "ஆனா ஒரு... ஒரு படார் வேண்டாமா?"

"விண்வெளில சத்தம் கேக்காது அத்தான்."

"அது எனக்குத் தெரியாதா? சத்தம் கேக்காட்டியும், கேக்கற மாதிரி ஒரு இது இருக்கணும்ல? ஒரு அதிர்ச்சி? இது என்னமோ தூங்கறாப்பல இருக்கு. தப்பா நெனச்சுக்காத, இது நிஜமா இல்ல."

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள், ஏனென்றால் இந்த ரகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பள்ளம் பார்ப்பவர் 'நிஜம்' என்று சொல்வது, அவர் இதற்கு முன்னால் எங்கேயோ பெரிய திரையில் பார்த்து வாய் பிளந்த ஒன்றை. அதைப் போல் இருந்தால் நிஜம், இல்லையென்றால் பொய். நிஜமே நேரில் வந்து கதவைத் தட்டினால், "யாருங்க, எங்க வீட்ல இப்ப ஒண்ணும் வேண்டாம்" என்று அனுப்பிவிடுவார்.

சின்னவள் எழுந்தாள். கம்ப்யூட்டரை மூடி எடுத்துக்கொண்டு போனாள். சில நாள் கழித்து, விளையாட்டு வெளிவந்துவிட்டது என்று செய்தி வந்தது. அதில் புதிதாக ஒரு பொத்தான்: 'நிபுணர்களுக்கு மட்டும்'. அதை அழுத்தினால் ஓர் எச்சரிக்கை வரும்: 'இந்த நிலையில் நடக்கும் மோதல்களின் நுட்பம் எல்லோருக்கும் விளங்காது. தொடரலாமா?' யார் வேண்டாம் என்பார்கள்? குழுவில் அத்தனை பேரும் அழுத்தினார்கள்.

மோதலாரின் கட்டுரை மறுநாளே வந்தது. 'கடைசியில் ஒரு நிஜமான மோதல்!' என்று தலைப்பு. "பள்ளத்தின் கச்சிதமான வட்டத்தைக் கவனியுங்கள். சாய்வாக அடித்தாலும் வட்டமாகத்தான் விழும் என்பது, நிலாவை ஒழுங்காகப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். தெரியாதவர்கள் மாவில் கோலிக்குண்டை எறிந்து பார்த்துவிட்டு நீளம் என்பார்கள்" என்று, கை கூசாமல், கண் கூசாமல் எழுதியிருந்தார். இந்தத் திருத்தங்களுக்குப் பின்னால் தன்னுடைய விமர்சனம் இருக்கிறது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சின்னவள் எனக்கு மட்டும் சொன்னாள். ஒன்றுமில்லை. முதன்முதலில் இவரிடம் கொண்டுவந்து காட்டிய அதே விளையாட்டு, அதே பாறை, அதே வட்டம். ஒரு புள்ளி மாற்றவில்லை. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். கூடவே அவளும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சகலைக்குத் தலைகால் புரியவில்லை. மேஜைக்கு முன்னால் நடுநாயகமாக உட்கார்ந்துகொண்டு, ஒரு வெற்றிக்குப் பின்னால் ஒரு கண்டிப்பான ஆள் எப்படித் தேவை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் மட்டும் நல்லாருக்குன்னு சொல்லி அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்? யோசிச்சுப் பாரு."

சின்னவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். யோசித்துத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"அதுல மழை, ஏரின்னு ஏதோ வருதாமே? எல்லாரும் எழுதறாங்க. நான் அதுவரைக்கும் பாக்கல" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஆமா, உன்கூட ஒரு பொண்ணு எப்பவும் வருமே, எங்க காணோம்?"

"அவ போயி ரொம்ப நாளாச்சு அத்தான்."

"ஏன்?"

சின்னவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன், சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அவள், "வேற வேல கெடச்சுது" என்றாள்.

"நல்லதாப் போச்சு. எல்லாம் சரி, ஆனா அந்தப் பொண்ணு போட்ட கலர் கொஞ்சம் தூக்கல்தான்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சாதம் போடச் சொன்னார். பெரியக்கா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சகலையே தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

வாசகரே, உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில், "நிலா விழ அவ்வளவு நேரமா ஆகும்?" என்று உங்கள் விரல் கால்குலேட்டரைத் தேடியிருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. "எல்லாம் சரி, ஆனா இப்படி ஒரு ஆள் நிஜத்தில் இருப்பானா, கொஞ்சம் மிகையாக இல்லையா?" என்று இந்த நிமிஷம் உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. சங்கடப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நேராக என் சகலை வீட்டுக்கு வந்துவிடுங்கள், உங்களைப் பார்த்தால் அவருக்கு உயிர் வரும். உட்கார இடம் இருக்குமா என்ற கவலையும் உங்களுக்கு வேண்டாம். சின்னவளுக்குப் பக்கத்து நாற்காலி இப்போதெல்லாம் காலியாகத்தான் இருக்கிறது.